ஒரு படி ஏறிய பட்டியல்

திங்கட்கிழமை, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டால் நீயும் திருப்பிக் கேட்பாய். அதனால் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

நேற்று நான் உன்னிடம் சொல்லாதது இது. "என்ன படிக்கிற இப்போ?" என்று வழக்கம்போல் கேட்டாய். ஒரு தீவில் கலங்கரை விளக்கத்தைக் காக்கும் இரண்டு சகோதரர்களின் கதை என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் அளந்தேன். "நல்லா இருக்கே, முடிச்சதும் எனக்கு அனுப்பு" என்றாய். அக்கா, அது நான் கல்லூரியில் படித்த நாவல். இப்போது நான் எதையும் படிக்கவில்லை. எழுபத்திரண்டு நாட்களாக ஒரு பக்கம்கூட முழுதாகப் போகவில்லை. எழுத்து தெரிகிறது, வரி தெரிகிறது. வரி முடிவதற்குள் அதன் ஆரம்பம் கழன்று விழுந்துவிடுகிறது. நீயோ தொற்றுப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாளைக்கு எண்ணூறு சளிக் குச்சி பார்த்துவிட்டு, மூக்கின் மேல் முகக்கவசத் தழும்போடு, விடுதிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு கூப்பிடுகிறாய். உனக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம். அதில் இதை எந்த மூலையில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் கடிதம். ஆனால் முகத்தைத் தொங்கப்போடாதே, இது அழுமூஞ்சிக் கடிதம் இல்லை! போன வாரம் நான் ஒரு தப்பு செய்தேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடத்தில் இப்படியொரு தப்பு செய்ததில்லை. இவ்வளவு நல்ல தப்பை இனிமேல் செய்வேனா என்பதும் சந்தேகம்தான். எழுதும்போதே கை பரபரக்கிறது. நேற்றே இதைச் சொல்லியிருப்பேன். இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டி வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்.

எங்கள் நூலகர் உஷ் சாரை உனக்குத் தெரியும். நூலகத்தில் மின்விசிறி கிறீச்சிட்டால்கூட அதைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பாரே, அவர்தான். அவர் போன திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, ஊரடங்கில் மூடிய நூலகம் எப்போது திறக்கும் என்று தெரியாது, முப்பத்தொன்பது புத்தகங்கள் வெளியே இருக்கின்றன, ஒவ்வொருவரிடமும் பேசி, புத்தகம் பத்திரமாக இருக்கிறதா, திருப்பித் தர அவசரமில்லை என்று சொல்லிவிடு என்றார். உஷ் சார், என்னை, பேசச் சொன்னார்! பட்டியல் கணினிக்கு வந்து சேர்ந்தது. இடப்பக்கம் பெயரும் தொலைபேசி எண்ணும், வலப்பக்கம் புத்தகம். உறுப்பினர் எண் வரிசைப்படி. நூலக ஊழியர்கள் கடைசியில்.

அந்தப் பட்டியலில் முதல் பெயர் எங்கள் மூத்த உறுப்பினர், ஓய்வு பெற்ற நில அளவையாளர். வாழ்நாள் முழுவதும் சங்கிலி பிடித்துத் தரையை அளந்தவர். அவர் எடுத்துப் போவதெல்லாம் மலையேறுபவர்களின் புத்தகமாகத்தான் இருக்கும். அவருடைய மகளிடமிருந்து அன்று காலைதான் எனக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. அப்பா பத்து நாட்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், புத்தகம் அவருடைய பையில் இருக்கலாம், பை வந்ததும் அனுப்புகிறேன். இரண்டே வரிதான். நான் பட்டியலைத் திறந்து அவர் பெயரையும் எண்ணையும் நீக்கினேன். புத்தகத்தை நீக்க மனம் வரவில்லை. அது இன்னும் எங்கோ இருக்கிறதே.

அங்கேதான் தப்பு. பெயரும் எண்ணும் இருந்த கட்டங்களை மட்டும் எடுத்ததால், கீழே இருந்த பெயர்கள் எல்லாம் சத்தமில்லாமல் ஒரு படி மேலே ஏறிக்கொண்டன. புத்தகங்கள் ஏறவில்லை. அவை பழைய இடத்திலேயே இருந்தன. ஆக, ஒவ்வொருவருக்கும் எதிரே அவருக்கு முந்தையவரின் புத்தகம்! எனக்கு இது தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் எண்ணை அழுத்தினேன். அன்றைய உஷ் சார் அழைப்பையும் உன் ஞாயிற்றுக்கிழமைக் கால் மணி நேரத்தையும் தவிர்த்தால் அதற்கு முந்தைய பதினோரு நாட்களாக நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. என் குரல் எனக்கே பழைய கதவு திறப்பதுபோல் கேட்டது.

முதலில் எடுத்தவர் ஒரு தையல்கார அம்மா. "உங்ககிட்ட இருக்கற மலையேற்றப் புத்தகம் பத்திரமா இருக்காம்மா?" என்று கேட்டேன். "மலையா? நான் மாடிப்படியே ஏற மாட்டேன் கண்ணு. என்கிட்ட இருக்கறது கோழி வளர்ப்பு" என்றார். அப்படியா, தவறாகப் பதிவாகியிருக்கும், மன்னியுங்கள் என்று வைக்கப் போனேன். "இரு இரு. ஏறினவன் எறங்கினானா இல்லையா, அதை மட்டும் சொல்லிட்டு வை" என்றார்.

அக்கா, அந்தப் புத்தகத்தை நான் படித்திருக்கிறேன். பத்து வருடமாகிறது. ஒரு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இறங்கியதைச் சொல்ல வேண்டுமென்றால் ஏறியதைச் சொல்ல வேண்டும்; ஏறியதைச் சொல்ல வேண்டுமென்றால் கூடாரம் கிழிந்த அந்த மதியத்தைச் சொல்ல வேண்டும். எல்லாம் ஞாபகம் வந்தது! கயிறு எவ்வளவு நீளம், எந்தக் காலில் எத்தனை விரல் போனது, எல்லாம். அவர் நடுநடுவே "ஐயையோ", "பாவி", "அம்மா சொன்னதைக் கேட்டிருந்தா இந்தக் கதி வருமா" என்று பின்னணி வாசித்தார். இருபத்தைந்து நிமிடம். வைத்தபோது நான் அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். தேநீரில் ஆடை படிந்திருந்தது. எனக்குப் பசித்தது. பசி எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தேன். இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, நின்றபடியே தின்றுவிட்டு, அடுத்த எண்ணை அழுத்தினேன்.

அடுத்தவர் இரட்டைக் குழந்தைகளின் அம்மா. அவரிடம் கோழி வளர்ப்பைக் கேட்டேன். "கோழியா! இந்த வீட்ல இன்னொரு வாய்க்குத் தீனி போட எனக்குத் தெம்பில்லைங்க" என்று கிசுகிசுத்தார். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்து வைத்திருக்கிறாராம். தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரை யாரும் தேட மாட்டார்களாம். அவரிடம் இருப்பது கடைசிப் பத்துப் பக்கம் கிழிந்த ஒரு துப்பறியும் நாவல். கொலைகாரன் யார் என்று தெரியாமல் இரண்டு மாதமாகத் தவிக்கிறார். சொன்னேன். "அந்த டாக்டரா? எனக்கு அப்பவே தெரியும்" என்றார். பிறகு, "இன்னும் அஞ்சு நிமிஷம் ஏதாவது பேசுங்களேன். நாலு பேர் இருக்கற வீடுதான். ஆனா சாப்பாடு எங்கேங்கறதத் தவிர என்கிட்ட யாரும் ஒரு கேள்வி கேட்டு மூணு மாசமாச்சு" என்றார். நான் ஐந்து நிமிடமும் கேள்வியாகவே கேட்டேன். பிடித்த நிறம், பயப்படும் பூச்சி, சின்ன வயதில் உடைத்த சாமான். அவர் சிரித்தது குழாய்ச் சத்தத்தை மீறிக் கேட்டது.

ஐந்தாவது அழைப்பிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்பாய். வந்தது. எல்லோருக்குமா தவறான புத்தகம் பதிவாகியிருக்கும்? பட்டியலைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. சரியான புத்தகத்தைக் கேட்டிருந்தால் "இருக்குங்க, சரிங்க" என்று வைத்திருப்பார்கள். தப்பான புத்தகம் என்றால்தான் "இல்லையே, அது என்ன புத்தகம்?" என்கிறார்கள். அந்தக் கேள்விக்காக நான் ஏங்கிப் போயிருந்தேன் அக்கா. இது வேலையில் ஏமாற்று என்று தெரிந்தேதான் செய்தேன்.

இரண்டாம் நாள், முப்பத்தேழாவது அழைப்பு, ஓர் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர். குழந்தைக்குப் பெயர் வைக்கும் புத்தகம் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன். "எனக்கு அம்பது வயசு, கல்யாணமே ஆகலம்மா" என்றார். அடுத்த மூச்சிலேயே, "இருந்தாலும் நல்லதா ஒண்ணு ரெண்டு சொல்லுங்க, வண்டிக்கு வெக்கலாம்" என்றார். பயிற்சி நின்று மூன்று மாதம். தினமும் காலையில் கீழே போய் வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிடுவாராம். பழக்க தோஷத்தில் பக்கத்து இருக்கையில்தான் உட்காருகிறாராம். ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்கும். "யாரோ கத்துக்க வந்து பாதியில எறங்கிப் போன மாதிரி இருக்கும்மா" என்றார்.

அவரிடம் பேசி முடித்துவிட்டு முப்பத்தெட்டாவது வரிசைக்கு வந்தால், அங்கே என் பெயர்! எதிரே தேனீ வளர்ப்பு. நான் தேனீப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. அப்போதுதான் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன், எல்லாம் விளங்கியது. கடைசி வரிசைக்குக் கண் போனது. அங்கே ஒரு புத்தகம் இருந்தது, எதிரே பெயர் இல்லை, எண் இல்லை. வெற்றுக் கட்டம். அந்தப் புத்தகம் என்னுடையது. நூலகம் மூடுவதற்கு முதல் நாள் ஆசையாக எடுத்து வந்தது. திரும்பிப் பார்த்தேன்; ஜன்னலோரத்தில் இருந்தது. பதினோராம் பக்கத்தில் பேருந்துச் சீட்டு செருகியபடியே.

உஷ் சாரிடம் மறைக்கவில்லை. மறுநாள் காலையில் கூப்பிட்டு ஒப்புக்கொண்டேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி. "எத்தனை பேர் கோபப்பட்டாங்க?" "ரெண்டு பேர் சார்." "எத்தனை பேர் திரும்பக் கூப்பிட்டாங்க?" "பதினொரு பேர் சார்." "இருபது வருஷமா எல்லாரையும் வாயை மூடச் சொல்லியே காலத்தை ஓட்டிட்டேன். இனிமே பேசட்டும் போ" என்றார். அக்கா, நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் நிச்சயம் கூரையைப் பார்த்திருப்பார்.

பதினொரு பேரும் கேட்டது ஒன்றைத்தான். அந்தப் புத்தகம் உண்மையில் யாரிடம் இருக்கிறதோ அவரோடு பேச முடியுமா? எனவே தப்பையே ஏற்பாடாக்கிவிட்டேன். தினமும் மாலை நான்கு மணிக்கு, பட்டியலில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கூப்பிட்டுத் தன் கையில் உள்ள புத்தகத்தைச் சொல்ல வேண்டும். இருவரிடமும் சம்மதம் வாங்கித்தான் எண் கொடுக்க வேண்டும் என்பது உஷ் சாரின் கட்டளை. முப்பத்தேழு பேரில் இருபத்தொன்பது பேர் சரி என்றார்கள்! தையல்கார அம்மா இரட்டையரின் அம்மாவுக்குக் கோழி வளர்ப்பைச் சொல்கிறார். குளியலறைக் கதவுக்கு வெளியே இப்போது நான்கு மணிக்கு யாரும் தட்டுவதில்லையாம், "அம்மாவுக்குக் கோழி நேரம்" என்று குழந்தைகளே விலகிப் போகிறார்களாம். ஒருத்தருக்கும் கோழி வாங்கும் உத்தேசம் இல்லை.

தையல்கார அம்மாவுக்கு மட்டும்தான் மேலே யாருமில்லை. அந்த மலைப் புத்தகத்தை வைத்திருந்தவர் தன்னோடு பேச மாட்டாரா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. "அப்போ இவர்தான் எறங்கல" என்றார். பிறகு, "எந்தப் பக்கம் வரைக்கும் படிச்சிருப்பார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பை வந்ததும் மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இனி என் முறை. எனக்கு மேலே இருப்பவர் ஓட்டுநர் ஆசிரியர். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மணி அடித்தாற்போல் கூப்பிட்டுத் தேனீக்களைச் சொன்னார். ராணித் தேனீக்கு அவர் வைத்த பெயரையும் சொன்னார், அதை உனக்கு எழுதினால் தபால்காரர் சிரிப்பார். முடித்துவிட்டு, "நீங்க என்னம்மா படிக்கிறீங்க?" என்று கேட்டார். நீ கேட்கும் அதே கேள்வி. நான் கலங்கரை விளக்கத்தை ஆரம்பித்தேன். "ஒரு தீவுல ரெண்டு பேர்" என்ற இடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அவர் நிதானமாக, "வண்டி நின்னுடுச்சா? பரவாயில்ல. பின்னாடி யாரும் ஹாரன் அடிக்கல" என்றார்.

படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். முகம் தெரியாத மனிதரிடம். மதியம் வரை போர்வையை விலக்க முடிவதில்லை, சில நாள் பல் துலக்குவதே பெரிய வேலையாக இருக்கிறது, எதிர்க் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்தபடி பொழுது போய்விடுகிறது என்றெல்லாம். எல்லோரையும் கூப்பிட்ட அந்த இரண்டு நாள் எனக்குச் சிறகு முளைத்தது உண்மைதான், ஆனால் போனை வைத்த பிறகு அதே தொட்டிதான் என்றும் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தனக்கும் போன வருடமே இப்படி வந்தது, ஒரு மனநல மருத்துவரிடம் போய்வருவது வழக்கம், இப்போது புதன்கிழமைகளில் போனிலேயே பார்க்கிறார், மாத்திரையும் உண்டு என்றார். "எங்க வண்டியில ரெண்டு பிரேக் இருக்கும்மா. ஒண்ணு கத்துக்கறவங்க காலுக்கு, இன்னொண்ணு என் காலுக்கு. என் பிரேக்கை மிதிச்சிட்டேன்னு யாரும் வெக்கப்பட்டதில்ல. வண்டி நிக்கணும், அவ்ளோதான்" என்றார். மருத்துவரின் எண்ணைக் கொடுத்தார். ஒரு நூலகச் சீட்டின் பின்பக்கம் எழுதி, சர்க்கரை டப்பாவின் அடியில் வைத்திருக்கிறேன். மூன்று நாளாகிறது. எண் மனப்பாடமே ஆகிவிட்டது. கூப்பிடவில்லை.

ஏன் என்றால், உனக்குத் தெரியாமல் மருத்துவரிடம் போய்விடக் கூடாது என்று தோன்றுகிறது. உனக்குச் சொல்லவும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் சர்க்கரை டப்பா.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பட்டியலில் என் பெயர்தான் கடைசி. எனக்குச் சொல்ல மேலே ஒருவர் இருக்கிறார். நான் சொல்ல எனக்குக் கீழே யாருமில்லை. என் பெயருக்குக் கீழே உன்னை எழுதிக்கொள்ளட்டுமா? வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது "நல்லா இருக்கியா" என்று கேட்காதே. கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுவேன், எனக்கு அது நன்றாகப் பழகிவிட்டது. "என்ன படிக்கிற" என்றும் கேட்காதே. கதை சொல்லி ஏமாற்றிவிடுவேன். பதினோராம் பக்கத்தை உரக்கப் படி என்று சொல். நடுவில் நின்றால் போனை வைக்காதே. ஹாரன் அடிக்காதே. பக்கம் முடிந்ததும், அந்த எண்ணைக் கூப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

குச்சிகளுக்கு நடுவே நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மூக்குத் தழும்பில் ஏதாவது தடவு. உன் குரலில் நேற்று ஒரு கரகரப்பு இருந்தது; நீ எனக்குச் சொல்லாதது ஏதாவது இருந்தால் நீயும் எழுதலாம், எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. நீ நன்றாக இருக்க வேண்டும் அக்கா. நானும் நன்றாக இருக்க வேண்டும் என்று, ரொம்ப நாளைக்குப் பிறகு, எனக்கே ஆசையாக இருக்கிறது.

உன் கைக்குள் அடங்கும்,
புத்தகப்புழு

*

கடிதம் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது. அக்கா ஞாயிறு வரை பொறுக்கவில்லை, அன்று மதியமே பரிசோதனைக் கூடத்தின் தாழ்வாரத்திலிருந்து கூப்பிட்டு, வேறு எதுவும் கேட்காமல், "பதினொண்ணு. படி" என்றாள். நான்கு இடத்தில் நின்றேன். இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அவள் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த எண்ணை அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.